மர்மமான மலை மரணங்களில் விளக்கச் சிக்கனம்

விளக்கச் சிக்கனம் என்பது, ஒரு நிகழ்வுக்குப் பல விளக்கங்கள் பொருந்தும்போது, சான்றில்லாத ஊகங்களை மிகக் குறைவாக வேண்டி நிற்கும் விளக்கத்தையே முதலில் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்னும் ஆய்வு நெறியாகும். மேலைத் தத்துவத்தில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கிலேயத் துறவி ஓக்கம் வில்லியத்தின் பெயரால் இது அறியப்படுகிறது. இந்திய நியாய தருக்கமோ சுருங்கிய கற்பனையை லாகவம் என ஏற்று, வேண்டாத கற்பனைகளை ஏற்றுவதைக் கௌரவம் என்னும் குற்றமாகக் கொண்டது. சாட்சியற்ற காட்டிலும் பனிமலையிலும் மழையும் விலங்குகளும் தடயங்களைக் குலைத்துவிடுவதால், அங்கு நேரும் மரணங்களை ஆராய்வோர்க்கு இந்நெறி இன்றியமையாதது.

விசாரணையின் ஒழுங்கு

இலங்கையில் ஐயத்துக்குரிய மரணம் நேரும்போது, திடீர் மரண விசாரணை அதிகாரியோ, புதுக்கடை போன்ற இடங்களிலுள்ள நீதிமன்றங்களின் நீதவானோ விசாரணை நடத்த, சட்ட வைத்திய அதிகாரி உடலைப் பரிசோதித்து, இறப்பு இயற்கையானதா, விபத்தா, தற்கொலையா, கொலையா என்பதற்கான மருத்துவச் சான்றை முன்வைக்கிறார். வனாந்தர மரணங்களில் இவ்வொழுங்கு குளிர், வீழ்ச்சி, நீரில் மூழ்குதல், வழிதவறுதல் ஆகியவற்றிலிருந்து தொடங்குவது முறையாகும். எடுத்துக்காட்டாக, உடல் வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் தாழ்வெப்ப நிலையின் இறுதிக் கட்டத்தில், சுருங்கியிருந்த தோற்குருதிக் குழாய்கள் தளர்வதால் கடும் வெப்பத்தை உணர்ந்து ஆடைகளைக் களைவோர் உண்டு என்பதை அறியாதவர், பனியில் ஆடையின்றிக் கிடக்கும் உடலைக் கண்டு வன்முறையையே முதலில் ஊகிப்பார்.

1959 பெப்ரவரியில் யூரல் மலையில் இகோர் டியாட்லொவ் தலைமையிலான மலையேற்றக் குழுவினர் 9 பேர் இறந்தபோது, உள்ளிருந்து கிழிக்கப்பட்ட கூடாரமும் சிலரின் கடும் காயங்களும் இரகசிய ஆயுதம், அந்நிய உளவாளிகள் எனப் பல கதைகளுக்கு இடமளித்தன. கூடாரம் அமைக்கச் சரிவை வெட்டியதும், காற்று மேலும் பனியைக் குவித்ததும் சில மணி நேரத்துக்குப் பின் சிறு பனிப்பலகை சரியக் காரணமாகியிருக்கலாம் என 2021இல் ஜோகன் கோம், அலெக்சாண்டர் புஸ்ரின் ஆகியோர் கணித்துக் காட்டினர்.

ரூப்குண்ட்

உத்தரகாண்டில் ஏறத்தாழ 5,029 மீற்றர் உயரத்திலுள்ள ரூப்குண்ட் ஏரியில், 1942இல் வன அதிகாரி எச். கே. மாத்வால் கண்ட நூற்றுக்கணக்கானோரின் எலும்புகளுக்கு, திபெத்திலிருந்து மீண்ட படை, தொற்றுநோய், நந்தாதேவியின் சினம் எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. 2004இல் நடைபெற்ற ஆய்வு, எலும்புகளை ஏறத்தாழ 850ஆம் ஆண்டுக்கு உரியனவாகக் கணித்து, சில மண்டையோடுகளில் காணப்பட்ட ஆறாத காயங்களைக் கொண்டு, ஒரே ஆலங்கட்டி மழையில் அனைவரும் இறந்தனர் என்னும் எளிய விளக்கத்தை முன்வைத்தது.

எனினும், ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் உள்ளிட்ட குழுவினர் 2019இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, பரிசோதிக்கப்பட்ட 38 பேரில் 23 பேர் தெற்காசிய மரபினர், 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதி மரபினர், ஒருவர் தென்கிழக்காசிய மரபினர் எனக் காட்டியது. தெற்காசியர் 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்வுகளில் இறந்திருக்க, மத்தியதரைப் பிரிவினர் ஏறத்தாழ 1800ஆம் ஆண்டளவில் இறந்தனர். 38 பேரில் 15 பேர் பெண்கள் என்பதும் ஆயுதங்கள் கிடைக்காததும் படைக் கதையைத் தளர்த்தின. நோய்க்கிருமிகளின் மரபணுத் தடயமும் காணப்படவில்லை. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் நந்தாதேவி யாத்திரையின் பாதையில் ஏரி இருப்பதால், தெற்காசியருள் ஒரு பகுதியினரேனும் யாத்திரிகராயிருக்கலாம் எனக் கருதுவதற்குப் புதிய ஊகம் எதுவும் வேண்டியதில்லை.

நெறியின் எல்லை

சிக்கனம் என்பது நிகழ்வுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதன்று, ஆதாரமற்ற கூற்றுகளைக் குறைப்பதே என்பதை ரூப்குண்ட் தெளிவாக்குகிறது. ஒரே மழை என்னும் விளக்கம் சுருக்கமானதாயினும், ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இறந்தவர்களை அதனால் இணைக்க முடியவில்லை. ஆகவே எளிய விளக்கம் விசாரணையின் தொடக்கமேயன்றித் தீர்ப்பன்று. புதிய சான்று அதனை மறுக்கும்போது கைவிடும் நேர்மையும், சான்றின்றி எவர்மீதும் கொலைப்பழி சுமத்தாத பொறுப்பும் சேர்ந்தே இறந்தோருக்கும் அவர்தம் உறவினருக்கும் நீதி செய்கின்றன.