வெர்தன்: பிளேஸ்டேஷனில் ஒரு போர்க்களம்

வெர்தன் என்ற பெயரை என் வயதொத்த புதுச்சேரிக்காரர்கள், அதிலும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள், மறந்திருக்க மாட்டார்கள். வரலாற்று வகுப்பில் முசே கரும்பலகையில் மேஸ் ஆற்றை ஒரு வளைந்த கோடாகப் போட்டு, அதன் மேல் 1916 என்று எழுதுவார். "அவர்கள் கடந்து வர மாட்டார்கள்" என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து பிரெஞ்சில் சொல்ல வேண்டும். யார் கடந்து வர மாட்டார்கள், ஏன் வரக்கூடாது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஜெனரல் நிவேல் 1916 ஜூனில் தன் படைக்கு விடுத்த கட்டளையிலிருந்து வந்த வாசகம் அது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

இப்போது அதே பெயரில் ஒரு வீடியோ விளையாட்டு இருக்கிறது. போன ஜூலையில் பிரான்சிலிருந்து வந்த என் மூத்த மகளின் பையன், துணிமணியை விடப் பத்திரமாகச் சுற்றி ஒரு பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்திருந்தான். நம் வீட்டு டிவியில் அதை மாட்டியதால் அவன் பாட்டிக்கு இரண்டு வாரம் சீரியல் போயிற்று. எனக்கோ மத்தியானத் தூக்கம் போயிற்று. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தவன், பிறகு தினமும் பார்த்தேன்.

2015-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு பிளேஸ்டேஷனுக்கும் வந்த விளையாட்டாம். செய்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். (முதல் உலகப்போரில் நடுநிலை வகித்த நாடு அது. வேடிக்கைதான்.) நான்கு நான்கு பேராகக் குழு சேர வேண்டும். ஒருவன் குழுத் தலைவன், அவன்தான் பீரங்கியைக் கூப்பிடுவான். மற்றவர்களுக்கும் தனித்தனி வேலை, தனித்தனி ஆயுதம். குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் எங்கெங்கோ தங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிற நிஜமான ஆட்கள். காதில் மாட்டிக்கொண்டு பேரன் அவர்களோடு பிரெஞ்சில் கத்திக்கொண்டிருப்பான்.

மற்ற துப்பாக்கி விளையாட்டுகளில் நாயகன் பத்துக் குண்டு வாங்கினாலும் ஓடிக்கொண்டே இருப்பான் அல்லவா, இதில் அப்படி இல்லை. பெரும்பாலும் ஒரே குண்டு, திரை இருண்டு விடும். பிரெஞ்சுக்காரனின் லெபெல் துப்பாக்கிக்கு ஒவ்வொரு தோட்டாவாகத்தான் போட வேண்டும். ஜெர்மானியனின் மௌசருக்கு ஐந்தும் ஒரே அழுத்தில் இறங்கி விடும். லெபெல் 1886-ஆம் வருடத்துச் சரக்கு என்பதால் நிஜத்திலும் இதே தொல்லைதான். விஷவாயு வந்தால் உடனே முகமூடி போடாதவன் செத்தான். ஒரு பக்கம் சில நிமிடம் தாக்கும், எதிரியின் பதுங்குகுழியைப் பிடிக்க முடியாவிட்டால் மறுபக்கம் திருப்பித் தாக்கும். இப்படியே முன்னும் பின்னுமாக நூறு கஜத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். பார்த்தவரை இது நேர்மையான விளையாட்டு என்றுதான் எனக்குப் பட்டது.

நான் அதற்கு மேல் யோசித்திருக்க மாட்டேன். ஒரு மத்தியானம் அவன் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு, "தாத்தா, லிசே முடிச்சதும் ஆர்மில சேரலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். வயது பதினேழு.

நம் ஊரில் இது ஒன்றும் அதிசயமான பேச்சு அல்ல. சொல்தா வீடுகள் இல்லாத தெரு அந்தக் காலப் புதுச்சேரியில் குறைவு. சைகோன், அல்ஜீரியா என்று போய்விட்டு வந்து, பிரெஞ்சு பென்ஷனில் கௌரவமாக வாழ்ந்தவர்களைப் பார்த்தே வளர்ந்தோம். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா என்று எழுதிக்கொடுக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் எழுதிக்கொடுத்தார், என் அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. அதனால் நான் புதுவை அரசில் குமாஸ்தா ஆனேன், எதிர்வீட்டுப் பையன் சொல்தா ஆனான். என் மகள் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் பேரனுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை. எனக்குத் தெரிந்தது வரலாறு. அதைச் சொன்னேன்.

1916 பிப்ரவரி 21 காலையில் ஜெர்மானியர்கள் ஆரம்பித்தார்கள். 1200-க்கு மேற்பட்ட பீரங்கிகள். ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் குண்டு மழை பொழிந்த பிறகுதான், சாயங்காலம் நான்கு மணி வாக்கில் காலாட்படை நடந்து வந்தது. முதல் நாளில் மட்டும் விழுந்த குண்டுகள் சுமார் 10 லட்சம் என்பார்கள். விளையாட்டில் பீரங்கி என்பது குழுத் தலைவன் கூப்பிட்டால் எப்போதாவது வந்து போகிற ஒன்று. மனிதனும் மனிதனும் துப்பாக்கியால் சுட்டுக்கொள்வதுதான் அங்கே போர். நிஜ வெர்தனில் செத்தவர்களில் பெரும்பாலோர் தங்களைக் கொன்றவனைப் பார்த்ததே இல்லை. பல மைல் தூரத்தில் இருந்த பீரங்கிதான் கொன்றது. குறி பார்க்கிற திறமை அதற்கு முன் செல்லாது. இதைச் சொன்னபோது பேரன், "அப்படி வச்சா யாரு தாத்தா விளையாடுவாங்க?" என்றான். நியாயமான கேள்விதான்.

ஒரு குமாஸ்தா என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது லெஃப்டினென்ட் கர்னல் திரியான் கதை. அவர் நாடாளுமன்ற உறுப்பினரும் கூட. 1915-இல் வெர்தன் கோட்டைகளிலிருந்து பீரங்கிகளைக் கழற்றி வேறு முனைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இங்கே பாதுகாப்பு போதாது, ஆளும் முள்கம்பியும் வேண்டும் என்று அவர் பாரிசில் இருந்த நாடாளுமன்றத் தலைவருக்கு எழுதினார். அந்தக் கடிதம் மேசை மேசையாக நகர்ந்து போர் அமைச்சர் வழியாகத் தளபதி ஜோஃப்ரிடம் வந்தது. ஜோஃப்ருக்கு வந்த கோபம் வெர்தன் பலவீனமாக இருப்பதைப் பற்றி அல்ல. தனக்குக் கீழே உள்ளவன் உரிய வழியில் எழுதாமல் தலைக்கு மேல் எழுதிவிட்டானே என்பதுதான்! முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது எந்த அலுவலகம் என்று சொல்லித்தர வேண்டுமா? இரண்டே மாதத்தில் தாக்குதல் வந்தது. கோர் காட்டில் சுமார் 1200 பேரோடு முதல் அடியைத் தாங்கியவர் அதே திரியான். பிப்ரவரி 22-ஆம் தேதி அங்கேயே செத்தார்.

25-ஆம் தேதி துவோமோன் கோட்டை விழுந்தது. பிரான்சின் மிகப் பெரிய கோட்டைகளில் ஒன்று. உள்ளே காவலுக்கு இருந்தவர்கள் ஐம்பது அறுபது பேர், வயதானவர்கள். ஒரு சிறு ஜெர்மன் கூட்டம் உள்ளே புகுந்து, பெரிய சண்டை எதுவும் இல்லாமல் பிடித்துக்கொண்டது. அதைத் திரும்பப் பிடிக்க அக்டோபர் 24 வரை ஆயிற்று. பிடித்தவர்கள் மொரோக்கோ காலனிப் படையினர், கூடவே செனெகல், சோமாலி வீரர்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் இந்த விவரத்தைப் படித்ததாக எனக்கு நினைவில்லை. விளையாட்டிலும் துவோமோன் ஒரு களமாக வருகிறது. அரை மணி நேரத்துக்குள் முடிந்து விடுகிறது.

இன்னொரு விஷயம், நம் ஊர்க்காரர்களுக்கு. மார்ச் 2-ஆம் தேதி அதே துவோமோன் கிராமத்தில் தொடையில் காயம்பட்டு, ஜெர்மானியரிடம் கைதியானவர்களில் ஒரு நெட்டையான கப்பித்தேன் இருந்தார். பெயர் ஷார்ல் தெ கோல். 1912-இல் அவர் அதிகாரியாகச் சேர்ந்த ரெஜிமெண்டுக்குத் தலைவராக இருந்த கர்னல், பிற்பாடு வெர்தனைக் காப்பாற்றியவர் என்று பெயர் வாங்கிய பெத்தேன். 1940-இல் அதே பெத்தேன் ஹிட்லரிடம் சரணடைய, தெ கோல் லண்டனிலிருந்து எதிர்க்குரல் கொடுக்க, நம் கவர்னர் பொன்வேன் செப்டம்பரில் தெ கோல் பக்கம் சேர்ந்தார். புதுச்சேரி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று வந்த அந்தச் சண்டையின் இரண்டு தலைவர்களும் வெர்தன் சேற்றிலிருந்து வந்தவர்கள் என்று சொன்னபோது பேரன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

விளையாட்டில் தாகம் இல்லை. வோ கோட்டையில் ஜூன் மாதம் அறுநூறு பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். தொட்டியில் தண்ணீர் இருப்பதாக அளவு காட்டியது, திறந்து பார்த்தால் அடியில் கொஞ்சம். சுவரில் கசியும் ஈரத்தை நக்கினார்கள். கொமாந்தான் ரெய்னால் தன் கடைசிப் புறாவை 4-ஆம் தேதி அனுப்பினார். விஷவாயுவைக் கடந்து செய்தியைச் சேர்த்துவிட்டு அது செத்தது. பிறகு அதற்கு விருதுப் பத்திரமே எழுதினார்கள். 7-ஆம் தேதி சரண். ஜெர்மன் இளவரசர் ரெய்னாலைக் கூப்பிட்டுப் பாராட்டி, ஒரு வாளைக் கொடுத்தார்.

சாப்பாடும் இல்லை. பார்-ல-துக் ஊரிலிருந்து வெர்தனுக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஒரு சாலை. சுமார் 3500 லாரிகள் இரவும் பகலும் ஓடின. நெருக்கடியான நாட்களில் பதினான்கு வினாடிக்கு ஒரு லாரி. நின்று போன வண்டியைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு அடுத்தது போகும். வயதான சிப்பாய்கள் சாலையோரம் வரிசையாக நின்று சக்கரத்துக்கடியில் ஜல்லி அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சாலைக்குப் பிற்பாடு புனித வழி என்று பெயர் வந்தது. அங்கிருந்து முன்வரிசைக்கு சூப்பும் ரொட்டியும் சுமந்து போனவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள். எங்கள் தெருவில் அந்தப் போருக்குப் போய் வந்த ஒரு சொல்தா தாத்தா இருந்தார். நாங்கள் பையன்கள் சுற்றி உட்கார்ந்து எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்போம். அவர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "சூப் ஆறிப்போய் வரும்டா. அதுல மண்ணு இருக்கும்."

விளையாட்டில் இருக்கிற ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. காவல் காக்க வேண்டிய நேரத்தில் பதுங்குகுழியை விட்டு வெகுதூரம் போனால், ஓடிப்போனவன் என்று உன்னைக் கொன்று விடும். பேரன் அதைச் சிரித்துக்கொண்டே காட்டினான். அந்தப் போரில் பிரெஞ்சு ராணுவம் தன் சொந்தச் சிப்பாய்கள் அறுநூறு பேருக்கு மேல் சுட்டுக் கொன்றது, மற்றவர்களுக்குப் பாடமாக. 1917-இல் நிவேலின் தாக்குதல் தோற்று, படைகள் முன்னேற மறுத்தபோது ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை விதித்தார்கள். நிறைவேற்றியது ஐம்பதுக்குள். அந்தக் கலகத்தை அடக்கியவரும் பெத்தேன்தான். தண்டனையோடு விடுப்பையும் நல்ல சாப்பாட்டையும் கூட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஃப்ளூரி என்று ஒரு கிராமம். அந்தக் கோடையில் பதினாறு முறை கைமாறியது. இன்று அங்கே ஒரு வீடு இல்லை, ஒரு குடி இல்லை. ஆனால் பிரான்சுக்காக உயிர்நீத்த ஊர் என்று சொல்லி, இன்றும் அதற்கு ஒரு மேயரை நியமிக்கிறார்கள். டிசம்பர் 18-ஆம் தேதி எல்லாம் ஓய்ந்தபோது முன்வரிசை பிப்ரவரியில் இருந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தது. இரு தரப்பிலும் சேர்த்துச் செத்தவர்கள் சுமார் 3 லட்சம்.

ஜூலை 14 காலை அவனைக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போனேன். 1938-இல் திறந்து வைத்த நினைவுச்சின்னத்தில், தலை கவிழ்ந்து, துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி நிற்கும் அந்த வெண்கலச் சிப்பாயை எத்தனை தடவை கடந்து போயிருப்போம், நின்று பார்த்திருக்கிறோமா? மலர்வளையம் வைத்தார்கள், இரண்டு தேசிய கீதமும் பாடினார்கள். பழைய சொல்தாக்கள் பதக்கங்களோடு வந்திருந்தார்கள். பேரன் அவர்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் விடுமுறையில் மாப்பிள்ளை அவனை வெர்தனுக்குக் கூட்டிப் போனார். துவோமோனில் 1932-இல் திறந்த எலும்பு மாளிகை இருக்கிறது. யாரென்று தெரியாத ஏறக்குறைய 1,30,000 பேரின் எலும்புகள். 1984-இல் மித்தெரானும் ஜெர்மனியின் கோலும் கைகோத்து நின்றது அதன் எதிரில்தான். அந்தப் படம் அன்றைக்குப் பத்திரிகைகளில் வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கீழ்மட்டத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள் இருக்கின்றன. குனிந்து பார்க்கலாம்.

அன்றிரவு போன் செய்தான். "தாத்தா, எல்லாத்தையும் அடுக்கி வச்சிருக்காங்க. எது பிரெஞ்சு, எது ஜெர்மன்னு யாருக்கும் தெரியாதாம்" என்றான். பிறகு பாட்டியிடம் போனைக் கொடுக்கச் சொன்னான்.

விளையாட்டை இன்னும் விளையாடுகிறான் என்று மகள் சொல்கிறாள். மார்ச்சில் அவனுக்குப் பதினெட்டு. அம்மாவிடம் அவன் இதுவரை எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.