ஊர்களை ஆசிரியர்களால் அறிந்த சிறுவன்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டுகள் அரசர்கள் அளித்த தானங்களைச் சொல்லும். ரஞ்சன்குடிக் கோட்டையின் மதில்கள் படையெடுப்புகளைச் சொல்லும். ஆனால் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் அரியலூரிலும் பெரம்பலூரைச் சூழ்ந்த கிராமங்களிலும் ஒரு வித்துவானுடைய குடும்பம் எப்படி ஜீவனம் நடத்தியது, அங்குள்ள திண்ணைகளில் தமிழ் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பவற்றை அறிய விரும்புகிறவர் ஒரு சிறுவனிடந்தான் சென்று கேட்க வேண்டும். அந்தச் சிறுவன், பிற்காலத்தில் மகாமகோபாத்தியாயர் என்று உலகம் போற்றிய உ. வே. சாமிநாதையர்.

அவர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி பிறந்தவர்; சொந்த ஊர் பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தானத்தில் புகழ்பெற்று விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். அரியலூர் ஜமீனின் ஆதரவை நாடி அவர் அங்கே குடியேறினார். ஊர்தோறும் அருணாசல கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடி இராமாயணப் பிரசங்கம் செய்வதும், பட்டாபிஷேகத்தன்று கிராமத்தார் மனமுவந்து அளிக்கும் சம்பாவனையைக் கொண்டு குடும்பத்தைக் காப்பதுமே அவருடைய தொழிலாயின. இருப்புப்பாதை எட்டாத அந்தக் கரிசல் பூமியில், கம்பும் வரகும் விளைவித்த குடியானவர்கள் தங்கள் தானியத்தில் ஒரு பங்கை இராம கதைக்கென்று ஒதுக்கி வைத்த வழக்கம், அக்காலத்துக் கலைஞர்களின் வாழ்வுக்கு ஆதாரமாக நின்றது.

இவற்றையெல்லாம் சாமிநாதையர் எழுதத் தொடங்கியது 1940-இல், தம் எண்பத்தைந்தாம் பிராயத்தை எட்டும் தறுவாயில், ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்த ‘என் சரித்திரம்’ என்ற தொடரில். எழுதுகிறவர் முதியவர், பால்யப் பகுதிகளிலே பார்க்கிறவனோ பத்து வயதுப் பையன். தந்தையாருக்கு ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊருக்குப் போவது வரவு செலவைப் பற்றிய கவலை. பையனுக்கோ, அடுத்த ஊரில் தமிழ் சொல்லித் தர யாரேனும் இருப்பார்களா என்ற ஒரே கவலை. ஆகவே அவனுடைய நினைவில் ஒவ்வோர் ஊரும் ஓர் ஆசிரியரின் பெயராகவே பதிந்தது: அரியலூர் என்றால் சடகோபையங்கார், குன்னம் என்றால் சிதம்பரம் பிள்ளை, கார்குடி என்றால் கஸ்தூரி ஐயங்கார், செங்குணம் என்றால் யாப்பருங்கலக் காரிகையைப் பாடம் சொல்லிய விருத்தாசல ரெட்டியார். ரெவினியூ அதிகாரி வரைந்த படத்தில் இந்த ஊர்கள் நிலவரியால் பிரிந்து கிடந்தன. சிறுவன் வரைந்த படத்தில் அவை கல்விப் பசியால் இணைந்தன.

அந்தத் திண்ணைப் பள்ளியைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். வைகறையில் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். முதலில் மணலில் விரலால் எழுத்து. கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். கீறிய எழுத்துக் கண்ணுக்குத் தெரிய, இலைச்சாற்றையும் கரியையும் ஓலையில் தடவித் துடைப்பார்கள். கோடுகளில் மட்டும் கறுப்பு நிற்கும். ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் வாய்ப்பாடமாக ஒலிக்கும். உபாத்தியாயர் இல்லாத வேளையில் சட்டாம்பிள்ளையின் அதிகாரம் கொடிகட்டிப் பறக்கும். சரித்திர ஆசிரியர் இத்தகைய பள்ளிகளின் எண்ணிக்கையைக் குறிப்பார்; பிரம்பின் ஓசையையும் விரலில் ஒட்டிய கரியையும் நினைவில் வைத்திருப்பது குழந்தைதான்.

சிறுகதை எழுதுகிறவர்கள் இதிலிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு. குழந்தையைக் கதைசொல்லியாக வைப்பது மழலை பேச வைப்பதன்று. குழந்தையின் ஆசை எதுவோ அதைக் கொண்டு உலகத்தை வரிசைப்படுத்துவதே அதன் சூட்சுமம். பெரியவர்களின் கடனும் மானமும் துயரமும் அந்த ஆசையின் ஓரத்தில் நிழலாக வந்து போகும்போது, குழந்தை அறியாததை வாசகர் அறிந்துகொள்கிறார். அறிந்த அக்கணத்தில் நெஞ்சு கனக்கிறது. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையில் ஒரு சிறுமியின் குரல் அவ்வளவு ஆழமாகப் பதிவதும் இந்தக் காரணத்தினாலேதான். முதிர்ந்த அறிவு இடையிலே புகுந்து விளக்கம் சொல்லத் தொடங்கினால் அந்தக் குரல் மறைந்துவிடும். சாமிநாதையர் பேரறிஞராக இருந்தும், அரியலூர்த் தெருவில் நின்ற சிறுவனை ஓரமாகத் தள்ளிவிடாமல் அவனுக்கு இடம் விட்டார்.

செங்குணத்து ரெட்டியார், தம்மிடம் கற்க வந்த மாணாக்கன் தம்மைக் கடந்து செல்ல வேண்டியவன் என்று உணர்ந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்க் கற்கும்படி வழிகாட்டினார். 1871-இல் அந்த இளைஞன் மாயூரம் சென்று சேர்ந்தான். 1887-இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. சுயசரிதமோ முற்றுப்பெறவில்லை, 1942 ஏப்ரல் 28-இல் அவர் காலமானபோது 122 அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. ஆயினும் இப்பகுதியின் பால்யம் முழுமையாக அதில் தங்கிவிட்டது.

பெரம்பலூர் 1995-இலும் அரியலூர் 2007-இலும் நிலையான தனி மாவட்டங்களாயின. குன்னம் இன்று ஒரு வட்டத்தின் தலைமையிடம். இந்த ஊர்களில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள், தங்கள் மாணாக்கர்களுக்கு ‘என் சரித்திர’த்தின் பால்யகால அத்தியாயங்களை வகுப்பில் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். படித்த பின், தங்கள் தெருவைத் தங்கள் கண்ணால் பார்த்து எழுதும்படி சொல்ல வேண்டும். நாளைய சரித்திரத்துக்கு அந்தக் குழந்தைகளின் சாட்சியம் தேவைப்படும்.