அண்ணா சாலையின் நெடுமாடம்

திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் சென்னை சென்று மீண்டோர் ஒரு காலத்தில் ஊராரிடம் வியந்துரைத்த காட்சிகளுள் ஒன்று, அண்ணா சாலையிலுள்ள எல்.ஐ.சி. கட்டடம். தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் பிறர் என்பதே அதன் வரலாறு.

இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937இல் நிறுவிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தம் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கென 18 மாடி மாளிகையொன்றை எழுப்பத் திட்டமிட்டார். 1953இல் பணி தொடங்கியது. மறு ஆண்டே சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. எழும்பிக்கொண்டிருந்த கட்டடம் எல்.ஐ.சி.யின் உடைமையாயிற்று. 1957இல் இலண்டனைச் சேர்ந்த கட்டடக் கலைஞர்கள் விலக, எல்.எம். சித்தாலே அப்பொறுப்பை ஏற்றார். மாடிகள் 12 ஆகக் குறைந்தன.

1959 ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் அதனைத் திறந்துவைத்தார். 177 அடி உயர்ந்த அம்மாடம், நாட்டின் அலுவலகக் கட்டடங்களுள் அன்று தலைநிமிர்ந்து நின்றது. 1975இல் தீ விபத்துக்கு உள்ளாகியும் அது நிலைத்தது.

ஆயிரம் ஆண்டுக்கு முன்னெழுந்த தஞ்சைப் பெரிய கோயில் விமானம் அதனினும் உயரமானது. அங்கே மன்னன் தன் கொடையுடன், தமக்கையும் தேவியரும் பிறரும் அளித்தவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். அண்ணா சாலை மாடத்தின் உச்சியிலோ மூன்று எழுத்துகளே ஒளிர்கின்றன. அதனை முதலில் எண்ணியவரின் பெயரை அறிந்தோர் சிலரே. கல்வெட்டு இல்லாத இடத்தில் அப்பணியை ஏடு செய்தல் வேண்டும்.