ராஜாவின் மார்பில் ஒரு 'பன்றி'!

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் பென்னலூர். பெங்களூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் உறுமிக்கொண்டு போகும் இடம். அங்கே ஒரு நண்பர் வீட்டில், அவருடைய பாட்டி தன் சுருக்குப்பையைக் கவிழ்த்தார். பதினோரு வெள்ளி ரூபாய்கள்!

''எல்லாம் ராஜா காசு. நாளைக்கு நகைக்கடையில எடைக்குப் போட்டுட்டு, பொண்ணுக்குக் கொலுசு வாங்கப்போறேன்'' என்றார் நண்பர். ''கொஞ்சம் பொறுங்க!'' என்றேன்.

நகைக்கடைத் தராசுக்கு எல்லா ராஜாவும் ஒன்றுதான். 1835 முதல் 1939 வரை வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் வெள்ளி 91.7 சதவிகிதம். ஆனால், நாணயம் சேர்ப்பவருக்கு? ஒவ்வொன்றும் வேறு வேறு!

பாட்டியின் காசுகளில் ஒன்று 1911-ம் ஆண்டு. கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் குட்டியாக ஒரு மிருகம். அது யானைதான். ஆனால் துதிக்கை குட்டை... அச்சு அசல் பன்றி! இஸ்லாமியர்களிடையே கடும் எதிர்ப்பு கிளம்ப, அரசு பதறிப்போனது. அச்சடித்த 94 லட்சம் ரூபாய்களில் சுமார் 7 லட்சம்தான் அதற்குள் வெளியே போயிருந்தன. மற்றவை உலைக்களத்துக்கே திரும்பின. 1912-ல் யானைக்கு ஒழுங்கான துதிக்கை வந்தது!

ஆக, பழசு என்பதாலேயே ஒரு காசு அபூர்வமாகிவிடாது. எத்தனை தப்பிப் பிழைத்தன என்பதுதான் கணக்கு. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் ஏராளம். காரணம், 1874 வரை அதே வருஷத்தைப் போட்டே அடித்தார்கள். வித்தியாசம், பின்புறத்தில் இருக்கும் பொடிப் புள்ளிகளில். சில புள்ளிக் கணக்குகள் சுலபமாகக் கிடைக்கும். சில கிடைக்கவே கிடைக்காது.

1940-ல் உலகப்போர் நெருக்கடியில் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அதற்கு முந்தைய 1939-ம் வருஷத்து ரூபாய் அபூர்வத்திலும் அபூர்வம். 1938-ல் இருக்கும் 8-ஐச் சுரண்டி 9 ஆக்கும் கில்லாடிகளும் உண்டு, ஜாக்கிரதை! கடைசி எண்ணைச் சுற்றிக் கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியே இல்லை. எடை குறைந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று... தயவுசெய்து புளி, சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும்.

நண்பர் மறுநாள் பத்து காசுகளோடுதான் கடைக்குப் போனார். பன்றிக்காசு மட்டும் மறுபடியும் பாட்டியின் சுருக்குப்பைக்குள்.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் இரண்டு ராஜா காசு இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் வருஷத்தைப் படியுங்கள். உருகிய வெள்ளியிலிருந்து மறுபடி ராஜா எழுந்து வரமாட்டார்!