மாறாக் காற்றளவு முறை: ஹைதராபாத்

கட்டடத்துக்குள் செலுத்தும் காற்றின் அளவை மாற்றாமல், அதன் வெப்பநிலையை மட்டும் கூட்டியும் குறைத்தும் அறையைப் பதமாக வைத்திருக்கும் குளிர்சாதன முறை இது. தொழில் வட்டாரத்தில் இதைச் சி.ஏ.வி. என்பார்கள். ஏ.ஹெச்.யூ எனப்படும் பெட்டியில், அறையிலிருந்து திரும்பும் காற்றும் வெளிக்காற்றும் கலந்து, ஃபில்டரையும் குளிர்நீர்ச் சுருளையும் கடந்து டக்ட் வழியே போகின்றன. அறை போதுமான அளவு குளிர்ந்ததும் குளிர்நீர் வால்வு சுருங்கும். விசிறியின் வேகம் மட்டும் குறையாது.

1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில், ஈரப்பதத்தால் தாள் விரிந்து வண்ண அச்சு விலகிய ஒரு அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்த அமைப்பிலிருந்து நவீன குளிர்சாதனத்தின் வரலாறு தொடங்குகிறது. அதன்பின் பல பத்தாண்டுகள் பெரிய கட்டடங்களில் சி.ஏ.வி.யே கோலோச்சியது. ஒரே தெர்மோஸ்டாட்டை நம்பிப் பல அறைகள் இருந்ததால், மேற்கு வெயில் படும் அறை புழுங்க, எதிர்ப்புற அறை நடுங்கியது. இதற்குக் கண்ட தீர்வு, குளிரவைத்த காற்றை அறை வாசலில் மறுபடி சூடாக்குவது. ஊதாரித்தனம்தான், ஆனாலும் 1973 எண்ணெய் நெருக்கடி வரை யாரும் பெரிதாகக் கணக்குப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு, தேவைக்கேற்பக் காற்றளவையே குறைக்கும் வி.ஏ.வி. முறை பரவியது. விசிறியின் மின்தேவை காற்றளவின் முப்படிக்கு ஏற்ப மாறுவதால், காற்றைப் பாதியாக்கினால் மின்சாரம், ஏட்டுக்கணக்கில், எட்டில் ஒரு பங்காகிவிடும்.

ஹைதராபாத் ஹைடெக் சிட்டியின் அலுவலகக் கட்டடமான சைபர் டவர்ஸ் 1998இல் திறக்கப்பட்டபோது உலகம் ஏற்கெனவே வி.ஏ.வி. பக்கம் சாய்ந்திருந்தது. 2004இல் திறக்கப்பட்ட சி.ஐ.ஐ. சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் இன்னொரு வழியைக் காட்டியது: இரண்டு காற்றுக் கோபுரங்களில் நீர்த்துளியால் முன்கூட்டியே குளிர்ந்த காற்றே அங்கு ஏ.ஹெச்.யூ.வுக்குப் போகிறது. வறண்ட ஏப்ரல், மே மாதங்களுக்கு ஏற்ற உத்தி. மழைக்காலத்தில் அதன் பலன் குறைவு.

ஆனால் இந்நகரில் சி.ஏ.வி. வேரூன்றிய இடம் மருந்தாலைகள். 1961இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான ஐ.டி.பி.எல்.லின் ஹைதராபாத் ஆலை இங்கே மருந்துத் தொழிலுக்கு ஆட்களைப் பயிற்றுவித்தது. அங்கு பணிபுரிந்த அஞ்சி ரெட்டிதான் 1984இல் டாக்டர் ரெட்டீஸ் மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் ஜீனோம் வேலி எனும் உயிரித்தொழில்நுட்பத் தொகுதியும், தடுப்பூசி நிறுவனங்களும் வந்தன.

மருந்தறையில் காற்றின் முதல் வேலை குளிர்விப்பது அல்ல, தூசியை அள்ளிச் செல்வதும் அறைகளுக்கிடையே அழுத்த வேறுபாட்டைக் காப்பதும்தான். ஊசிமருந்து நிரப்பும் அறையில் அழுத்தம் கூடுதல். வெளித்தூசி உள்ளே வராது. மாத்திரைப் பொடி பறக்கும் அறையிலோ பெரும்பாலும் நடைபாதைக்குத்தான் கூடுதல் அழுத்தம். ஒரு மருந்தின் பொடி இன்னொன்றோடு கலந்துவிடக் கூடாது. உயிருள்ள வைரஸைக் கையாளும் இடத்தில் அழுத்தம் வெளியைவிடக் குறைவாகவே இருக்கும். அறைக்கு அறை வேறுபாடு 10 முதல் 15 பாஸ்கல் அளவுதான். கதவருகே சுவரில் பதித்த மேக்னஹெலிக் கேஜ் எனும் அழுத்தமானியின் முள் அதைக் காட்டும். ஷிஃப்ட் ஆபரேட்டர் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவார். கதவு திறந்தால் முள் சரியும், மூடினால் மீளும். மீளாவிட்டால் உற்பத்தி நிற்கும்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 540 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம் என்பதால், இங்கே ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ ஆறு சதவீதம் குறைவு. கடலோர ஊருக்குப் போட்ட கணக்கை அப்படியே இங்கு எடுத்துவந்தால் குளிர்விக்கும் திறன் குறைந்து நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், விசிறியின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவி இந்த ஆலைகளிலும் உண்டு, நேர்மாறான வேலைக்கு. நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரில் தூசி அடைய அடையக் காற்றுக்குத் தடை கூடும். காற்றளவு குறையாமலிருக்க விசிறி வேகமெடுக்கும். உற்பத்தியில்லாத இரவுகளில் காற்றளவைக் குறைத்தால் மின்கட்டணம் மிச்சமாகும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். ஆனால் குறைத்த நிலையிலும் அழுத்த வரிசை குலையாது, மறுநாள் அறை உரிய நேரத்தில் தூய்மைநிலைக்குத் திரும்பும் என்று சோதித்து ஆவணப்படுத்த வேண்டும். அந்த வேலைக்கு அஞ்சியே பல ஆலைகளில் விசிறிகள் இரவு முழுதும் பகல் வேகத்திலேயே ஓடுகின்றன.