கன்னித்தீவு (சித்திரக்கதை)

கன்னித்தீவு என்பது தினத்தந்தி நாளிதழில் 1960 ஆம் ஆண்டில் தொடங்கி, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் வெளிவந்துள்ள தமிழ்ச் சித்திரக்கதைத் தொடர் ஆகும். ஆயிரத்தொரு இரவுகள் கதைத்தொகுப்பில் இடம்பெறும் கடலோடி சிந்துபாத்தை நாயகனாகக் கொண்டது. எனினும் பெயரும் கடற்பயணமும் தவிர மூலக்கதையுடன் இதற்குள்ள தொடர்பு குறைவு. தமிழ்நாட்டில் முடிவின்றி நீளும் எதற்கும் "கன்னித்தீவு" என்று பெயரிடும் வழக்கம் இத்தொடரிலிருந்து பிறந்தது.

பின்னணி

தினத்தந்தியை சி. பா. ஆதித்தனார் 1942 இல் மதுரையில் தொடங்கினார். இலண்டனில் சட்டம் பயின்ற அவர், அங்கு எளிய மொழியாலும் படங்களாலும் பெருவாரியான வாசகர்களை ஈர்த்த டெய்லி மிரர் இதழை முன்மாதிரியாகக் கொண்டார் எனக் கூறப்படுகிறது. அவ்விதழில் "ஜேன்" என்ற நாள்தோறும் வரும் சித்திரக்கதை 1932 முதல் 1959 வரை வெளிவந்தது. அது நின்ற மறு ஆண்டில் தினத்தந்தியில் கன்னித்தீவு தொடங்கியது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் படக்கதை ஒன்று வாசகரை நாளிதழுடன் பிணைத்து வைக்கும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொதுவானது.

தமிழில் முத்து காமிக்ஸ் 1972 இலும் லயன் காமிக்ஸ் 1984 இலும் தொடங்கப்பட்டன. சிவகாசியிலிருந்து வந்த இவ்விரண்டும் பெரும்பாலும் பிறநாட்டுக் கதைகளின் தமிழாக்கங்களையே வெளியிட்டன. அவற்றுக்கு முன்பே, தமிழ் ஓவியர்களின் கையால் வரையப்பட்டு நாள்தோறும் வந்துகொண்டிருந்தது என்பது கன்னித்தீவின் தனிச்சிறப்பு. தொடக்க காலத்தில் ஓவியர் கணுவும் பின்னர் ஓவியர் தங்கமும் இதனை வரைந்தனர். தொடரின் பெயரை அறிந்த அளவுக்கு இவர்களின் பெயர்களை வாசகர்கள் அறியவில்லை. தமிழ்ச் சித்திரக்கதை வரலாற்றில் இது பெருங்குறை என்றே கூறவேண்டும்.

கதை

மூசா என்னும் மந்திரவாதி உலகின் அழகிய பெண்களைக் கவர்ந்து சென்று கன்னித்தீவில் சிறைவைக்கிறான். உலகில் யார் அழகி என்பதை அவனிடமுள்ள மாயக்கண்ணாடி காட்டிக்கொடுக்கிறது. அவ்வாறு அவன் கண்ணில் படும் இளவரசி லைலா, அவனது மந்திரத்தால் சிறிய பொம்மையின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறாள். அவளை மீண்டும் பழைய உருவுக்குக் கொண்டுவர சிந்துபாத் அவளுடன் புறப்படுகிறான். வழியில் பூதங்கள், அரக்கர்கள், விந்தை விலங்குகள், முன்பின் அறியாத நாடுகள் எனக் கிளைக்கதைகள் பெருகுகின்றன.

அரபுக் கதையின் சிந்துபாத் பாக்தாத் நகர வணிகன். ஏழு பயணங்களுடன் அவனது கதை முடிந்துவிடும். அக்கதைகள் ஆயிரத்தொரு இரவுகளின் பழைய கைப்படிகளில் இல்லை. பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் அந்துவான் கலான் 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் பதிப்பில் சேர்த்தவை. மாயக்கண்ணாடி ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த வெண்பனி இளவரசியின் கதையை நினைவூட்டுகிறது. லைலா என்ற பெயரோ லைலா - மஜ்னு காதற்கதையால் தமிழருக்கு முன்பே அறிமுகமானது. இவ்வாறு பல ஊர்ச் சரக்குகளும் கலந்த கதை, அம்புலிமாமா படித்து வளர்ந்த வாசகர்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

வடிவம்

ஒரு நாளைக்குச் சில கட்டங்கள் மட்டுமே இடம்பெறும். கடைசிக் கட்டத்தில் நாயகன் பெரும்பாலும் ஏதேனும் ஆபத்தில் நிற்பான். நீண்ட காலம் கறுப்பு வெள்ளையில் வந்த தொடர் பின்னர் வண்ணத்துக்கு மாறியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 360 இதழ்கள் எனக் கொண்டால், முதல் அறுபது ஆண்டுகளில் மட்டும் 21,000 பகுதிகளுக்கு மேல் வந்திருக்கும்.

தேநீர்க்கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒரே நாளிதழைத் தாள்தாளாகப் பிரித்துப் பலர் படிப்பது தமிழ்நாட்டு வழக்கம். காக்களூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் வேலைமுறை மாறும் நேரத்தில் தேநீர் அருந்துவோருக்கும் இத்தகைய வாசிப்பே வாய்க்கும். இடையில் பத்து நாட்கள் விட்டுப்போனாலும் கதை புரியும் என்பது கன்னித்தீவின் குறை அன்று. அதுவே அதன் உத்தி. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய பலருக்கு இதுவே முதல் பாடமாக அமைந்தது.

இதனை உலகின் மிக நீண்ட சித்திரக்கதை எனக் குறிப்பிடுவதுண்டு. இக்கூற்றைக் கவனத்துடன் கொள்ளவேண்டும். அமெரிக்காவின் "கேசலின் ஆலி" 1918 இல் தொடங்கி நூறு ஆண்டுகளைக் கடந்தது. வேதாள மாயாத்மா என்று தமிழர் அறிந்த "பேந்தம்" 1936 இல் தொடங்கியது. ஆனால் பேந்தம் தனித்தனிக் கதைகளாக முடிந்து தொடங்குவது. ஒரே பயணத்தை இழுத்துக்கொண்டே செல்லும் முறையில் கன்னித்தீவுக்கு இணை காண்பது அரிது.

மக்கள் பண்பாட்டில்

பல ஆண்டுகள் நிலுவையில் உள்ள வழக்கு, முடியாத மேம்பாலப் பணி, தொலைக்காட்சி நெடுந்தொடர் ஆகியவற்றைக் "கன்னித்தீவு மாதிரி" எனக் கேலி செய்வது பேச்சுவழக்கிலும் மேடைப்பேச்சிலும் இயல்பாகிவிட்டது. தொடரை ஒருநாளும் படிக்காதவர்களும் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

திரைப்படத்தில் இப்பெயர் வேறு பொருள் கொண்டது. டி. ஆர். ராமண்ணா இயக்கிய "கன்னித்தீவு" 1981 இல் வெளியானது. மிஷ்கின் இயக்கிய "யுத்தம் செய்" (2011) திரைப்படத்தில் கே இசையமைத்த, கன்னித்தீவுப் பெண்ணை விளிக்கும் ஆடற்பாடல் பரவலாக அறியப்பட்டது. இங்கு கன்னித்தீவு என்பது முடிவின்மையைக் குறிக்கவில்லை. அழகிகள் வாழும் கனவுத் தீவைக் குறிக்கிறது. கதையில் அது பெண்கள் சிறையிருக்கும் இடம் என்பது இவ்வழக்கில் முற்றிலும் மறைந்துவிட்டது.

சு. அருண்குமார் இயக்கத்தில் விஜய் சேதுபதி, அஞ்சலி நடித்த "சிந்துபாத்" 2019 இல் வெளியானது. வெளிநாட்டில் அடைத்து வைக்கப்பட்ட மனைவியை மீட்கக் கடல் கடந்து செல்லும் கணவனின் கதை இது. பாக்தாத் வணிகன் செல்வம் தேடிக் கப்பலேறியவன். பெண்ணொருத்தியை மீட்கச் செல்பவனுக்குச் சிந்துபாத் என்று பெயரிட்டால் தமிழ் இரசிகர் உடனே புரிந்துகொள்வதற்குக் காரணம் அரபு மூலம் அன்று, தினத்தந்தியின் அந்தச் சில கட்டங்களே.