புகையை விற்ற நாடு

பாலை விற்பார்கள், மோரை விற்பார்கள். வெளியே விடாத புகையை யாராவது விற்பார்களா? 2011-ஆம் ஆண்டில் ஒரு நாடு விற்றது. விற்ற பணத்தில் தேசம் முழுவதும் மின்சாரக் கார்களுக்குச் சத்திரம் கட்டி வைத்தது. எஸ்தோனியா என்பது அந்த நாட்டின் பெயர்.

பால்டிக் கடலோரத்தில் சுமார் 45,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்னஞ்சிறு நாடு. ஜனத்தொகை 13 லட்சந்தான். 1991-இல் சோவியத் யூனியனிடமிருந்து விடுதலை கிடைத்தபோது, சந்தோஷத்தோடு சங்கடமும் சேர்ந்தே வந்தது. மாஸ்கோவின் திட்டப்படி ஓடிக் கொண்டிருந்த ஆலைகள் பல படுத்துவிட்டன. வேலை போனவர்களின் வீட்டில் அடுப்புப் புகைவதே கஷ்டமாயிற்று.

அந்தக் கஷ்டம் ஒரு நாள் காசாகும் என்று யார் கண்டார்கள்? 1997-இல் கியோட்டோ நகரில் செய்துகொண்ட உடன்படிக்கை, தொழில் வளம் மிக்க நாடுகள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு வரம்பு கட்டியது. எஸ்தோனியாவுக்கு அளவுகோல் 1990-ஆம் ஆண்டுக் கணக்கு. ஆலைகள் மூடியதால் அதன் புகையோ ஏறக்குறையப் பாதியாகிவிட்டது! மிச்சமான உரிமையை விற்கவும் உடன்படிக்கை இடம் கொடுத்தது. அதில் ஒரு கோடி டன்னுக்கான உரிமையை 2011-இல் ஜப்பானிய மிட்சுபிஷி கம்பெனி வாங்கிக் கொண்டது.

பதிலுக்குக் கிடைத்தவை மூன்று. சமூக நல ஊழியர்களுக்கு 507 மின்சாரக் கார்கள். கார் வாங்கும் மற்றவர்களுக்கு விலையில் பாதி வரை, அதிகபட்சம் 18,000 யூரோ, மானியம். நாடு தழுவிய மின்னேற்று நிலையங்கள்.

இந்த மூன்றாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள் அல்லவா? மின்சாரக் காரின் கதையும் அதுதான். வழியில் மின்சாரம் ஏற்ற இடமில்லை என்று ஜனங்கள் கார் வாங்குவதில்லை. கார் இல்லை என்று முதலாளிகள் நிலையம் வைப்பதில்லை. எஸ்தோனியா துணிந்து கல்யாணத்தை முதலில் நடத்திவிட்டது! 5,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களிலெல்லாம் நிலையம். பெருஞ்சாலைகளில் 60 கிலோமீட்டருக்குள் ஒன்று. கடல் நடுவே உள்ள ஸாரெமா, ஹியூமா தீவுகளிலும் உண்டு. அரை மணி நேரம் நின்றால் பாட்டரியில் பெரும் பகுதி நிரம்பிவிடும். 2013 பிப்ரவரி 20-ஆம் தேதி 165 நிலையங்களுடன் வலை திறக்கப்பட்டது. ஒரு தேசம் முழுவதற்குமான விரைவு மின்னேற்று வலை உலகில் அதுவே முதலாவது.

பிறகு நடந்தது என்ன? 2014-இல் மானியப் பணம் தீர்ந்தது. அதோடு கார் விற்பனையும் படுத்தது. நாடு முழுவதும் மின்சாரக் கார்கள் ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தன. ஒரு நிலையத்துக்கு ஏழெட்டுக் கார்கூடத் தேறவில்லை. பனிக்காலத்தில் காருக்குள் வெப்பமூட்டினால், ஓடக்கூடிய தூரம் வெகுவாகக் குறைந்தது. போதாக்குறைக்கு, நிலையங்களில் இருந்தது ஜப்பானிய முறைச் செருகி. 2014-இல் ஐரோப்பிய யூனியன் வேறொரு முறையைப் பொது முறையாக ஏற்றுக் கொண்டது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த ஆண்டுகளில் எஸ்தோனியாவின் மின்சாரத்தில் பெரும் பகுதி, எண்ணெய் ஊறிய பாறையை எரித்து உண்டாக்கியது. காரின் வாலில் புகை இல்லை. நார்வா நகரத்துப் புகைபோக்கிகளில் தாராளமாக இருந்தது!

அப்படியானால் எல்லாம் வீண்தானா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடுவழியில் நின்றுவிடுவோமோ என்ற பயத்தை அந்த நிலையங்கள் நிச்சயமாகப் போக்கின. ஆனால் பயம் போனால் மட்டும் கார் வாங்கிவிட முடியுமா? கையில் காசு வேண்டாமா? நார்வே நாடு 1990-களிலிருந்தே மின்சாரக் கார்களுக்கு வரிச் சலுகை கொடுத்து வந்தது; ஓராண்டு ஈராண்டு அல்ல, இருபது முப்பது ஆண்டுகள். 2024-இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். எஸ்தோனியாவுக்கு வந்ததோ புதையல் பணம். புதையலைக் கொண்டு சத்திரம் கட்டலாம். நாள் தவறாமல் உலை வைப்பதற்கு மாதா மாதம் வருமானம் வேண்டும்.

ஆனாலும், எதிர்பாராமல் கிடைத்த பணத்தை அந்தச் சிறிய நாடு ஆடம்பர மாளிகைகளில் கொட்டவில்லை. அது வாங்கிய முதல் கார்கள், கிராமம் கிராமமாகப் போய் வயோதிகர்களையும் நோயாளிகளையும் பார்த்து வரும் ஊழியர்களின் கைக்குப் போயின. ஆலை மூடி வேலை இழந்த தலைமுறைக்கு அதற்குள் வயதாகியிருந்தது. அவர்களில் சிலருடைய வீட்டு வாசலிலும் அந்தக் கார் ஓசையில்லாமல் வந்து நின்றிருக்கும்.